வெண்பனி போர்த்திய காலை
(வானொலி மறையுரை)



பனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி மாதம். புல்நுனியில் நிற்கும் துளிகளும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதிகாலைத் திருப்பலிக்கு நடப்பதும் நமக்குப் பழக்கமானவை. வானத்திலிருந்து கொட்டும் வெண்பனியை நம்மில் பலர் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் அது நம் விசுவாச வாழ்வுக்கு அந்நியமானது அல்ல. தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5ஆம் நாள் நாம் கொண்டாடும் பனிமய அன்னையின் பெயரே, உரோமை நகரில் கோடையின் நடுவில் குன்றின்மேல் வெண்பனி பெய்தது என்ற பழைய மரபிலிருந்து வந்ததுதான். திருப்பாடல் 147 வெண்பனியைக் கம்பளிக்கு ஒப்பிடுகிறது. குளிர்ந்த ஒன்றை, குளிரைப் போக்கும் கம்பளிக்கு ஒப்பிடுவது வியப்பாக இல்லையா?

ஆனால் அது உண்மை. புதிதாகப் பெய்த வெண்பனிக்குள் பெரும்பகுதி காற்றுதான் இருக்கிறது. அந்தக் காற்று ஒலியை விழுங்கிக்கொள்வதால்தான் பனி பெய்த காலையில் ஊரே அமைதியாகிவிடுகிறது. அதே காற்றுதான் மண்ணின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. மேலே கடுங்குளிர் வாட்டும்போதும், தடித்த பனிப் போர்வைக்கு அடியில் இருக்கும் மண் அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஐரோப்பிய உழவர்கள் அக்டோபர் வாக்கில் விதைக்கும் கோதுமை, முளைவிட்டு அந்தப் போர்வைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கோதுமை பல வாரங்கள் குளிரை அனுபவித்தால்தான் பின்னர் உரிய காலத்தில் பூத்துக் கதிர்விடும். மழையும் பனியும் வானிலிருந்து இறங்கி, நிலத்தை நனைத்து விளைச்சல் தராமல் திரும்புவதில்லை, இறைவனின் வார்த்தையும் அப்படியே என்று எசாயா இறைவாக்கினர் 55ஆம் அதிகாரத்தில் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. பீடத்தில் நாம் காணும் கோதுமை அப்பத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு குளிர்காலம் இருக்கலாம்.

அன்பானவர்களே, வெண்பனியை மிகவும் நேசித்த ஒரு புனிதரை நாம் எல்லாரும் அறிவோம். நம் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறோம். குழந்தை இயேசுவின் புனித தெரேசா, நம் சிறுமலர். பிரான்சு நாட்டின் லிசியு நகரில் கார்மேல் மடத்தில் 15 வயதில் சேர்ந்தவர் அவர். 1889 சனவரி 10ஆம் நாள் அவருக்குத் துறவற உடை அணிவிக்கும் விழா. தான் வெண்மை உடுத்தும் நாளில் இயற்கையும் வெண்மை உடுத்த வேண்டும் என்பது அவரது சின்ன ஆசை. ஆனால் அன்று குளிரே இல்லை, வசந்த காலம்போல் இருந்தது. ஆசையை விட்டுவிட்டார். சடங்கு முடிந்து மடத்துக்குள் திரும்பியபோது பார்த்தால், உள்முற்றம் முழுவதும் வெண்பனி! ஆண்டவர் தமக்கெனத் தந்த பரிசாக அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் முடியவில்லை. அன்று தெரேசாவின் கையைப் பிடித்து அழைத்து வந்த தந்தை லூயி மார்ட்டின் ஏற்கெனவே நோயாளி. மூளையைத் தாக்கிய நோய் அவரது நினைவைக் குலைத்துக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஜூன் மாதம் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய், சில நாள்களுக்குப் பின் லே ஹாவ்ர் துறைமுக நகரில்தான் கிடைத்தார். வெண்பனி பெய்த நாளிலிருந்து சரியாக 33ஆம் நாள், பிப்ரவரி 12 அன்று, கான் நகரின் மனநல மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தார். ஊரார் பலவிதமாகப் பேசினார்கள். அடைப்பு மடத்துக்குள் இருந்த மகளோ, போய்ப் பார்க்கக்கூட முடியாமல் அந்தத் துயரத்தைச் சுமந்தார். 1894 ஜூலையில் தந்தை இறந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் தெரேசா தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். பனிக்குப் பின் என்ன வந்தது என்பது முழுவதும் தெரிந்த பிறகு எழுதுகிறார். அப்போதும் அந்த வெண்பனியை அவர் மறைக்கவில்லை. வெறும் மாயை என்று கசந்துகொள்ளவும் இல்லை. நன்றியோடு எழுதி வைத்தார். அந்த நாளைத் தம் தந்தையின் குருத்து ஞாயிறாகவே கண்டார். குருத்தோலை பிடித்த மகிழ்ச்சி, அடுத்து வந்த வெள்ளிக்கிழமையால் பொய்யாகிவிடுமா? ஆகாது. அந்த வெள்ளிக்கு அப்பால் ஞாயிறும் உண்டு அல்லவா?

சகோதர சகோதரிகளே, நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த தந்தை இன்று நம் பெயரையே மறந்துவிடுகிறார். மனநோய் வந்த பிள்ளையை உறவினர் கண்ணில் படாமல் மறைக்கிறோம். திருமணப் பேச்சு கெட்டுவிடும், ஊர் சிரிக்கும் என்று அஞ்சுகிறோம். ஆனால் திருஅவை என்ன செய்தது? மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் இருந்த அதே லூயி மார்ட்டினை, அவரது மனைவி செலியோடு சேர்த்து, 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். ஊர் எதை வெட்கம் என்று நினைத்ததோ, அது அவரது புனிதத்துக்குத் தடையாக இல்லை.

எதிர்நோக்கு என்பது துன்பம் வராது என்ற நம்பிக்கை அல்ல. பனிக்கு அடியில் பயிர் உயிரோடு இருக்கிறது என்று அறிந்து காத்திருப்பதே எதிர்நோக்கு. ஆகவே இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். நம் பங்கில் இப்படிப்பட்ட நோயாளி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய் வருவோம். அறிவுரை வேண்டாம். அருகில் உட்கார்ந்து, பழைய நல்ல நாள் ஒன்றை அவர்களோடு சேர்ந்து நினைவுகூர்ந்தாலே போதும்.

செபிப்போம். ஆண்டவரே, நீர் தந்த நல்ல காலைகளை நாங்கள் மறவாதிருக்கச் செய்தருளும். குளிர்காலத்தில் இருக்கும் குடும்பங்களை உமது இரக்கத்தால் கம்பளிபோல் போர்த்திக் காத்தருளும். ஆமென்.