கம்பெனியின் முதல் வார்த்தை

நாம் காணாத ஓர் ஆலையில், நாம் அறியாத மனிதர்கள் செய்து உறையிலிட்டு அனுப்பும் பண்டத்தை நம்பி உண்கிறோம். ஊரை விட்டு வந்து, வெளி மாநிலங்களில் தனி அறையில் தங்கி உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர் பலருக்கு இரவுச் சாப்பாடே சில நாட்களில் அத்தகைய ஓர் உறையிலிருந்துதான் பிறக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்தால், பண்டத்தைச் செய்தவர் நம்மிடம் என்ன சொல்ல வேண்டும், எப்பொழுது சொல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

2014-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியில், உணவு ஆய்வாளர் ஒருவர் ஒரு கடையிலிருந்து மேகி நூடுல்ஸ் பொட்டலத்தை மாதிரியாக எடுத்தார். மோனோசோடியம் குளூட்டமேட் சேர்க்கப்படவில்லை என்று உறையின்மேல் அச்சிட்டிருந்தது. கடைத்தெருவில் அஜினமோட்டோ என்று வழங்கும் உப்புத்தான் அது. கோரக்பூர் ஆய்வுக்கூடம் அது இருப்பதாகச் சொல்லிற்று. பின்னர் மாதிரி கொல்கத்தாவிலுள்ள மத்திய உணவு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. 2015-இல் அங்கிருந்து வந்த அறிக்கையில் புதிதாக ஒரு பெயர் இருந்தது: ஈயம். பத்து லட்சத்தில் 2.5 பங்கு வரை அன்றைய சட்டம் பொறுத்துக்கொண்டது. அறிக்கை கண்டதோ 17.2 பங்கு.

ஈயம் என்றதும் நம் வீட்டு ஈயச் சொம்பு நினைவுக்கு வரலாம். ரசம் வைக்கும் அச்சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றியது. உடம்பில் சேர்ந்தால் அது எளிதில் வெளியேறாது; எலும்பில் தங்கும்; வளரும் குழந்தையின் மூளைக்குக் கேடு செய்யும். ஆகவே செய்தி பரவிய அந்தக் கோடையில் வீடுதோறும் எழுந்த வினா ஒன்றே. அலமாரியில் இருக்கும் பொட்டலத்தைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

நெஸ்லே கம்பெனியார் அந்த வினாவை விட்டு வேறு வினாக்களுக்கு விடை சொன்னார்கள். தாங்கள் அந்த உப்பைத் தனியே சேர்ப்பதில்லை, வெங்காயம், கோதுமை, நிலக்கடலைப் புரதம் போன்றவற்றிலேயே குளூட்டமேட் இயல்பாக உள்ளது என்றார்கள். ரசாயன சாஸ்திரப்படி அது சரியே. மசாலாப் பொடியைத் தனியாகச் சோதிப்பது முறையன்று, நூடுல்ஸோடு சேர்த்து உண்ணும் நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடினார்கள். அதிலும் ஒரு நியாயம் உண்டு. தங்கள் சோதனைகளில் ஈயம் வரம்புக்குள்ளேயே இருக்கிறது என்றும் அறிவித்தார்கள். ஆனால் குறை சொல்லப்பட்ட வியாபாரி தன் தராசிலேயே நிறுத்துக் காட்டினால் ஊரார் எவ்வளவு தூரம் நம்புவார்கள்?

தில்லி, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தடை விதித்த பிறகே, ஜூன் 5-ஆம் தேதி, உலகத் தலைமை நிர்வாகி பால் புல்கே தில்லியில் பத்திரிகை நிருபர்களைச் சந்தித்தார். பண்டத்தில் பழுதில்லை, ஆயினும் மக்களின் நம்பிக்கை குலைந்துவிட்டபடியால் கடைகளிலிருந்து திரும்பப் பெறுகிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். அதே நாளில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்பது வகைகளையும் விலக்கும்படி உத்தரவிட்டது. சில நாட்கள் முன்னதாகச் செய்திருந்தால் பொறுப்புணர்ச்சியாக விளங்கியிருக்க வேண்டிய செயல், நிர்ப்பந்தத்தின் பேரில் செய்ததாகத் தோன்றிற்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிவிட்டது. கம்பெனியின் தரப்பை முறைப்படி கேளாதது இயற்கை நீதிக்கு முரண் என்றும், சோதித்த கூடங்கள் சட்டம் கோரும் அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றும் கூறி, வேறு மூன்று கூடங்களில் மறுபடி சோதிக்கச் சொல்லிற்று. அவற்றில் ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பிற்று. இதற்கிடையே 30,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு அழிக்கப்பட்டது. சிமெண்ட் ஆலைகளின் உலைகளில் இட்டு எரித்தார்கள்.

ஆய்வுக்கூடங்களின் குறையைக் கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை ஒரு தாய் காத்திருக்க இயலாது. மாலை நாலு மணிக்குக் குழந்தை பசியோடு பள்ளியிலிருந்து வந்துவிடும். “ஐயம் எழுந்திருக்கிறது. எங்கள் சோதனையில் பழுது தெரியவில்லை. ஆயினும் பிறர் சோதித்துச் சொல்லும் வரை கொடுக்க வேண்டாம். கடையில் திருப்பினால் பணம் கிடைக்கும்.” முதல் வாரத்திலேயே இவ்வளவு சொல்லியிருந்தால் போதும்; ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். விளம்பரம் எத்தனை மொழிகளில் வந்ததோ அத்தனை மொழிகளிலும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அயல் மொழி வழங்கும் ஊரில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 2003 அக்டோபரில், மும்பையில் காட்பரி சாக்லெட்டில் புழுக்கள் காணப்பட்டன. தீபாவளி நெருங்கிய சமயம். கடைக்காரர்கள் சரக்கைச் சரிவரப் பேணாததே காரணம் என்று கம்பெனியார் முதலில் சொன்னார்கள். அப்படியானால் உறை எதற்கு இருக்கிறது என்ற கேள்வி உடனே பிறந்தது. மகாராஷ்டிர அதிகாரிகளும் உறையையே குறை கூறினார்கள். பண்டிகை விற்பனை சரிந்தது.

அதன் பிறகு கம்பெனியார் போக்கை மாற்றினார்கள். கடைக்காரர்களுக்குச் சரக்கைப் பாதுகாக்கும் முறையைக் கற்பிக்க ‘விஸ்வாஸ்’ என்றொரு திட்டம் வகுத்தார்கள். 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெப்பத்தால் ஒட்டி இறுக மூடிய புது உறை வந்தது. அமிதாப் பச்சன் விளம்பரங்களில் தோன்றி அபயம் அளித்தார். அவருடைய முகமே கம்பெனியைக் காப்பாற்றிற்று என்பாரும் உண்டு. நான் புது உறைக்கே முதலிடம் கொடுப்பேன். பழைய உறையை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய நடிகரை அழைத்து வந்திருந்தாலும், அடுத்த புழு வெளிப்பட்ட அன்றே அவருடைய பெயரும் சேர்ந்து கெட்டிருக்கும்.