சட்டி எங்க இருக்கு, வண்டி எங்க நிக்குது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தருகிற உணவுத் திட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திட்டங்களுக்குக் குறைச்சலே இல்லை. தாளில் படித்தால் வயிறு நிறைந்துவிடும். நான் எங்க ஆயாவிலிருந்து தொடங்குகிறேன்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியது. 1983-இல், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் அந்த மையங்களில் மத்தியானம் சாப்பிடலாம் என்று ஆனது. எங்க ஆயாவுக்கு அந்தப் பென்சன் கிடைக்கவே பல வருசம் இழுத்தது. "மகன் இருக்கானே, நீ எப்படி ஆதரவற்றவ?" என்று மனுவைத் திருப்பினார்கள். மகன் என்றால் எங்க அப்பா. அவர் எந்தப் பண்ணையில் கூலிக்கு நின்றாரோ, அந்தப் பண்ணைக்காரர்தான் "கிழவியைக் காப்பாத்த ஆள் இருக்கு" என்று விசாரணையில் சொன்னவர். அவர் கொடுத்த கூலியில் ஒரு ஆள் வயிறே நிறையாது என்பது அவருக்குத் தெரியாதா?

ஒருவழியாகப் பென்சன் வந்தது. கூடவே சோறும் வந்தது. எங்கே வந்தது? ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்துக்கு.

ஆயா ஒரு வாரம் போச்சு. ஊர்த்தெருப் பெரியவங்க ரெண்டு பேருக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரம். எங்க தெருக் கிழவிகள் நாலு பேருக்குப் பின்பக்கம், வேலியோரம். தட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகணும். கரண்டி தட்டில் பட்டுவிடாமல் சோறு மேலேயிருந்து விழும். அந்த ஊர் வயல் முழுக்க நாற்று நட்ட கை, அந்தத் தட்டை ஏந்திக்கிட்டு நின்னுது. எட்டாம் நாள் ஆயா போகலை. "பசிச்சா தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கறேன்டா" என்றது. அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அரசு விதியில் இதற்கும் ஒரு கணக்கு உண்டு. மையத்தில் சாப்பிடுகிற முதியோருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. ஆயா மாதிரி வராமல் போனவங்க மானத்துக்கு ஈடு 2 கிலோ அரிசி என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஏன் வரவில்லை என்று கேட்கிற கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

2000 ஏப்ரலில் மத்திய அரசு அன்னபூர்ணா என்று ஒன்று கொண்டுவந்தது. பென்சனுக்குத் தகுதி இருந்தும் பென்சன் கிடைக்காத, 65 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 கிலோ இலவசம். யோசித்துப் பாருங்கள், தகுதி இருக்கு, ஆனா நாங்க தரலை என்று அரசே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது! அதே ஆண்டு டிசம்பரில் அந்த்யோதயா வந்தது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான், இதெல்லாம் தர்மம் இல்லை, உரிமை என்ற பேச்சுக்குச் சட்ட பலம் கிடைத்தது. 2003 மே மாத உத்தரவு, ஆதரவில்லாத முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த்யோதயா அட்டை கொடு என்றது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த அட்டைக்கு மாதம் 35 கிலோவை உறுதி செய்தது. மதிய உணவு சமைக்கிற வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடு என்று 2004-இல் சொன்னதும் அந்த வழக்குதான். சொல்லி 14 வருசம் கழித்து, 2018-இல், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஊரே திரண்டு நின்றது. நம்ம ஆள் தட்டில் கரண்டி படக்கூடாது. நம்ம ஆள் கை கரண்டியிலும் படக்கூடாது.

2020-இல் ரேஷன் கடைக்குக் கைரேகை மிசின் வந்தது. எங்க தெருவில் செங்கல் சூளையிலேயே காலம் கழித்த பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார். கல் தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்துபோச்சு. மிசின் அவரை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆளை அனுப்ப எழுதிக் கொடுக்கலாம் என்கிறார்கள். போகிறவருக்கு அன்றைக்குக் கூலி போகுமே, அதை யார் தருவது?

2025 ஆகஸ்டு 12-இல் தமிழக அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன். நல்ல திட்டம், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். எங்க பக்கம் முதல் மாதம் வண்டி வந்தது. ஊர்த்தெருவில் வீடு வீடாக நின்றது. எங்களுக்கு மட்டும் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. "காலனித் தெரு குறுகல், வண்டி திரும்பாது" என்றார்கள். போலியோவில் ரெண்டு காலும் போன அண்ணன் ஒருத்தர் மூணு சக்கர வண்டியைத் தள்ளிக்கிட்டு ரோட்டுக்கு வந்து அரிசி வாங்கினார். வீட்டுக்கே ரேஷன்!

எங்க பசங்க டேப் எடுத்துத் தெருவை அளந்தார்கள். "ஓட்டுக் கேட்கிற வண்டி உள்ள வந்து திரும்பிப் போச்சே, அரிசி வண்டி மட்டும் திரும்பாதா?" என்று எழுதி, அளவையும் சேர்த்து, முதியவங்க எல்லாரிடமும் கைநாட்டு வாங்கி வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வண்டி உள்ளே வந்தது. திரும்பவும் செய்தது.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்க. சத்துணவுச் சட்டி எந்தத் தெருவில் இருக்கு, முதியவங்க எங்க உட்கார்றாங்க, யார் வராம நின்னுட்டாங்க, ஏன் நின்னாங்க, ரேஷன் வண்டி எந்த இடத்தில் நிக்குது, அங்கேயிருந்து கடைசி வீட்டுக்கு எத்தனை அடி. தேதி போட்டு எழுதுங்க. 2013 சட்டத்தின் 15-ஆவது பிரிவில் மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மேசைக்கு அந்த நோட்டோடு சேர்ந்தே போவோம்.