நஞ்சேறிய நிலமும் நமது மனுவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



பாலாற்றங்கரையில் தோல் தொழில் நமக்குச் சோறிட்டது, அதை மறப்பதற்கில்லை. ஆயினும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டுமென்று அத்தீர்ப்பு கூறிற்று. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவோ இலட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரையும் கெடுத்தது.

நகராட்சி குப்பைமேட்டைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்டுவிடலாம். குரோமியம் ஊறிய மண்ணை அவ்வாறு மீட்க இயலாது. மேலே செம்மண் கொட்டி மனை பிரிப்பது அதனினும் கேடு. மண்ணும் நீரும் சோதிக்கப்பட்ட பின்னரே அங்கு வீடோ மதரஸாவோ எழ வேண்டும்.

2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ ஐயத்திற்குரிய இடங்களைப் பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். தாமாகவும் செய்யலாம், பொதுமக்கள் புகாரின் பேரிலும் செய்யலாம். தாமாகச் செய்வார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் கிடைத்த 90 நாட்களில் வாரியம் முதற்கட்ட ஆய்வை முடித்தாக வேண்டும்.

மனு ஜமாஅத் அலுவலகத்தில் ஆயத்தமாக உள்ளது. கிணற்று நீரின் நிறமோ சுவையோ மாறக் கண்டவர்கள் நிலத்தின் சர்வே எண்ணுடன் வந்து கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.