விவாகரத்து மனு: வக்கீலிடம் போகும் முன்

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"குடும்பச் சட்டம் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள்" என்றார் நமது செயலாளர். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. முப்பது வருஷமாக பெங்களூரில் வக்கீலாக இருப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக் கொள்கிறேன். இருவரும் சம்மதித்துப் பிரிவது ஒரு வகை. ஒருவர் ஒத்துக்கொள்ளாதபோது, மற்றவர் அவர் மீது குற்றம் சாட்டிப் போடும் மனு இன்னொரு வகை. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம்மவர் அகங்களில் இதெல்லாம் நடப்பதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, யாரோ சொன்ன அரைகுறைச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, காலம் கடந்துதான் வருகிறார்கள்.

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, கொடுமை என்பது விவாகரத்துக்குக் காரணமாகவே இல்லை. கோர்ட் மூலம் தனித்து வாழ மட்டுமே அது போதும். 1976 திருத்தத்தில்தான் அது விவாகரத்துக்கும் காரணமானது. பரஸ்பர சம்மத விவாகரத்து வந்ததும் அதே திருத்தத்தில்தான். இன்று 13-வது பிரிவில் கொடுமை, பிறருடன் உறவு, இரண்டு வருஷம் தொடர்ந்து கைவிட்டிருப்பது, மதம் மாறுவது, குணமாகாத மனநோய், ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போவது என்று காரணங்கள் உண்டு. சன்னியாசம் வாங்கிக்கொள்வதும் அதில் ஒன்று! ஆனால் "ஒத்துப்போகவில்லை" என்பது மட்டும் அந்த ஜாபிதாவில் கிடையாது. மீளமுடியாதபடி முறிந்துபோன திருமணத்தை ரத்து செய்யலாம் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது உண்மை. ஆனால் அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள விசேஷ அதிகாரம். குடும்ப நீதிமன்றத்தில் அதைச் சொல்லி விவாகரத்து வாங்க முடியாது.

என்னிடம் வந்த ஒரு தகப்பனார், பெண் பட்ட கஷ்டத்தை நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அவ்வளவும் படித்தேன், கண்ணில் ஜலம் வந்தது. ஆனால் அதில் ஒரு தேதி கூட இல்லை. "எப்போதும் திட்டுவார்", "எல்லோர் முன்பும் அவமானப்படுத்துவார்" என்றுதான் இருந்தது. எந்த நாள், எந்த ஊர், யார் எதிரில், அன்றைக்கு அவள் யாரிடமாவது சொன்னாளா, டாக்டரிடம் போனாளா? இதைத்தான் வக்கீல் கேட்பார், கேட்க வேண்டும். அதை இரக்கமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். இதே கேள்வியை நாளை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார், அவரிடம் துளிக்கூட இரக்கம் இருக்காது.

வழக்கறிஞர்கள் எல்லோரும் படிக்கும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு, தாஸ்தானே வழக்கு. 1956-ல் நடந்த கல்யாணம். கணவர் விவசாய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நம்மைப் போலவே படிப்பைப் பெரிதாக நினைக்கும் குடும்பங்கள். 1961-ல் பிரிந்தார்கள், 1962-ல் அவர் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, மாவட்டக் கோர்ட்டிலும் பம்பாய் ஹைகோர்ட்டிலும் தோற்று, கடைசியில் உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்புச் சொன்னது. பதின்மூன்று வருஷம்! தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். சமீபத்தில் தலைமை நீதிபதியாக இருந்தாரே, அவருடைய தகப்பனார்.

அதில் இரண்டு விஷயம் முக்கியம். கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்றார்கள். இது மனு போடுபவருக்கு அனுகூலம். இரண்டாவதுதான் பலருக்கு அதிர்ச்சி. மனைவி செய்தது கொடுமைதான் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கணவர் தோற்றார். அதற்குப் பிறகும் தாம்பத்தியம் தொடர்ந்தது, குழந்தை உண்டாயிற்று, ஆகவே அவர் மன்னித்துவிட்டார் என்றார்கள். 23-வது பிரிவு அப்படி. மன்னித்த கொடுமையைக் காரணம் காட்ட முடியாது.

நம் அகங்களில் என்ன செய்கிறோம்? "இன்னும் ஒரு தடவை போய் இருந்து பாரும்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று ரயில் ஏற்றி விடுகிறோம். சமாதானத்துக்கு நான் விரோதி இல்லை. சேர்ந்து வாழ முடிந்தால் வாழட்டும். ஆனால் திரும்பிப் போன பிறகு மறுபடி கொடுமை நடந்தால், அதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மன்னிப்பு நிபந்தனையுடன் கூடியது. புதிதாகத் தப்பு நடந்தால் பழையதும் உயிர் பெறும் என்றுதான் அதே தீர்ப்பு சொல்கிறது.

மாமியார் சமையலைக் குறை சொன்னார் என்பதெல்லாம் கொடுமை ஆகாது. 2007-ல் சமர் கோஷ் வழக்கில், அன்றாடச் சச்சரவுகள் போதாது, நடத்தை நீண்ட காலம் நீடித்து மொத்தமாகச் சேர்ந்து வாழவே முடியாதபடி ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அதே சமயம், ஆத்திரத்தில் பொய்யான கிரிமினல் புகார் கொடுத்தால் அதுவே மனக்கொடுமை ஆகிவிடும் என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பு. "எல்லோர் பேரையும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்று சொல்லும் வக்கீலிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பழைய போனையும் பத்திரமாக வையுங்கள், சான்றிதழுடன்தான் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். தம்பதிகளுக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக இன்றே எல்லோரும் ரிக்கார்டரை எடுத்து வைக்க வேண்டாம்!

சென்னையிலோ புனேயிலோ குடித்தனம் இருந்த பெண் பிறந்தகம் திரும்பி இங்கே இருந்தால், 2003 திருத்தத்தின்படி அவள் இங்கேயே மனு போடலாம். சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடம். தேகுலா என்றால் கோயில். உள்ளே போனால் அப்படித் தோன்றாது, அது வேறு விஷயம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, கோர்ட் அனுமதிக்க வேண்டும் என்கிறது 1984 சட்டம். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடும். ஆனால் சமரசத்துக்கு நீங்களேதான் உட்கார வேண்டும். சமரச மையமும் அங்கேயே இருக்கிறது. அங்கே பேசும்போது எதிர்த்தரப்பு இறங்கி வந்தால், குற்றச்சாட்டை விட்டுவிட்டுச் சம்மத விவாகரத்துக்கு மாறலாம். அப்படி யோசனை சொல்லும் வக்கீல் உங்களை ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகமும் அதே கட்டடத்தில்தான். வக்கீலைப் பார்க்கப் போகும்போது கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்றிதழ், தேதிவாரியாக எழுதிய குறிப்பு இவற்றை எடுத்துப் போங்கள். நகை ஜாபிதாவையும்தான். ஃபீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு தனியாக வந்து கேளுங்கள். மைக்கில் யாரும் பெயர் சொல்ல வேண்டாம்.