மீன்கொத்தி காட்டிய திசை



ஊரே நம்பும் தப்பான எண்ணத்தை ஆங்கிலத்தில் 'காமன் மிஸ்கன்செப்ஷன்' என்பார்கள். 'பாப்புலர் மிஸ்கன்செப்ஷன்' என்றாலும் சரிதான். அதைப் போக்குவதற்கு 'டிஸ்பெல்' என்ற வினை பொருந்தி வரும். 'ராங் மிஸ்கன்செப்ஷன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தவறு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது!

17ஆம் நூற்றாண்டில் இதற்கு வழங்கிய சொல் ஜோடி 'வல்கர் எரர்ஸ்'. அன்று 'வல்கர்' என்றால் ஆபாசம் அல்ல, பாமர மக்களுக்கு உரியது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் வைத்தியம் பார்த்த தாமஸ் பிரவுன் அப்படிப்பட்ட நம்பிக்கைகளைத் திரட்டி, 1646இல் தடிமனான புத்தகமே போட்டார். யானைக்குக் கால்மூட்டு கிடையாது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும் என்பது அதில் ஒன்று. நம்மூர் பாகன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்னொன்று, செத்த மீன்கொத்தியை அலகில் கட்டித் தொங்கவிட்டால் அதன் மார்பு காற்று வரும் திசையைக் காட்டுமாம். பிரவுன் வாதம் பண்ணவில்லை. மீன்கொத்தியைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரே அறையில் இரண்டைத் தொங்கவிட்டால் இது ஒரு பக்கம், அது வேறு பக்கம். கதை முடிந்தது.

ஆனால் அதே பிரவுன், 1662இல் ஒரு சூனிய வழக்கில், சூனியக்காரிகள் இருப்பது உண்மை என்று நம்புவதாக நீதிமன்றத்தில் சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பெண்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.