சுற்றுலாப் பயணமும் கடவுச்சீட்டும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாடு செல்வது நம் மக்களுக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடிய நாட்களில் நம் தெருக்களில் சபுராளி இல்லாத வீடு குறைவு. அவர்கள் பொருள் தேடிப் போனவர்கள். இன்றோ மகன் கோலாலம்பூரில் இருக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்க்க வாப்பாவும் உம்மாவும் போகிறார்கள். துபாயில் இருக்கும் மருமகன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைக்கிறார். இவர்கள் அனைவரும் சுற்றுலாப் பயணிகள் என்ற வகையிலேயே எல்லையைக் கடக்கிறார்கள். வேலைக்குச் செல்பவரின் தாள்களைக் கம்பெனி ஒரு முறை, ஏஜெண்ட் ஒரு முறை என்று பலர் பார்த்துவிடுவார்கள். சுற்றுலா செல்பவரின் தாள்களை விமான நிலையம் போய்ச் சேரும்வரை எவரும் பார்ப்பதில்லை. ஆகவேதான் இந்தத் தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு நேரும் இடையூறுகளில் பாதிக்கு மேல் பெயரிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கருத்து. நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்கிறோம். சிலருக்கு ஊர், பாட்டனார், தந்தை என மூன்று இனிஷியல்கள். கடவுச்சீட்டு இதை ஏற்பதில்லை. இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இயற்பெயருக்கு ஒரு கட்டமும் உள்ளன. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவது நம் மாநிலத்தில் பரவலாக உள்ள முறை. அதைச் செய்யாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் நம்மிடையே ஏராளம்.

வெறுமையாக விட்டால் என்ன என்று கேட்கலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அங்கே குடியிருப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. வேலை செய்யும் மகன் தடையின்றிப் போய்வர, அவனைப் பார்க்கப் புறப்பட்ட பெற்றோர் தவித்த நாட்கள் அவை. பின்னர், கடவுச்சீட்டின் உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் வந்தது. ஆயினும் புதிதாக விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கேனும் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஓ’ போட்டு எழுதுகிறார், ஒருவர் ‘யூ’ போடுகிறார், மற்றொருவர் நடுவில் இரண்டு ‘எம்’ சேர்க்கிறார். ஒரே மனிதருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறொன்று. ஷேக், செய்யது, பாத்திமா எல்லாவற்றிற்கும் இதே கதைதான். உள்ளூரில் எவரும் கேட்கமாட்டார்கள். எல்லையில் அதிகாரி நம் முகத்தை அறியமாட்டார், எழுத்தை மட்டுமே அறிவார். விமானச் சீட்டும் விசாவும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் அமைய வேண்டும். சீட்டு எடுக்கும் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பெயரைச் சொல்லாதீர்கள்; கடவுச்சீட்டின் நகலைக் கொடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு செய்தி. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியின் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025இல் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் போன்ற பிறவும் செல்லும். நம்மில் பலர் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, பெயரில்லாத சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள்வரை சேர்க்கலாம். வீட்டிற்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்குமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் செல்லும். சிறாருடையது பொதுவாக 5 ஆண்டுகள்தாம், அதற்குள் 18 வயது நிறைந்துவிட்டால் அத்துடன் சரி. பெற்றோரும் பிள்ளையும் ஒரே நாளில் எடுத்திருப்பார்கள். தம்முடையது இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு இருக்கிறதே என்ற நினைப்பில் பிள்ளையுடையதைத் திறந்து பார்ப்பதில்லை. பினாங்கில் நிக்காஹ், ஐந்து பேருக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, நடுப்பிள்ளையின் கடவுச்சீட்டு மட்டும் முந்தின மாதமே முடிந்துவிட்டது என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? ஒருவர் பிள்ளையோடு வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

முடிவதற்கு முன்பே செல்லாமல் போவதும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, அமீரகம் ஆகிய நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் 6 மாதங்களேனும் செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஆகவே ஒன்பதரை ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்வது நலம்.

விசா வேண்டாம் என்றால் தாள் எதுவும் வேண்டாம் என்று பொருள் கொள்கிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாட்கள்வரை விசா இன்றி அனுமதிக்கத் தொடங்கியது. ஆனால் அதே வேளையில் வருகை அட்டையை இணையம் வழியாக, சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பும் முறையையும் கொண்டுவந்தது. திரும்பி வரும் சீட்டு, தங்குமிடத்தின் முகவரி, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்டால் காட்டியாக வேண்டும். இச்சலுகைகள் காலவரையறைக்கு உட்பட்டவை; சீட்டு எடுக்கும் வாரத்தில் புதிதாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நம் கரையிலிருந்தே இன்னொரு வழி திறந்திருப்பதை அறிவீர்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கடல் வழி, அருகில்தானே என்று ஆதாரைக் கையில் எடுத்துக்கொண்டு போக இயலாது. விமானத்திற்கு வேண்டிய அதே கடவுச்சீட்டும் அனுமதியும் கப்பலுக்கும் வேண்டும்.

கடவுச்சீட்டு இல்லாமல் நாம் செல்லக்கூடிய நாடுகள் நேபாளமும் பூட்டானும். அங்கே தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அட்டை போதும். ஆதார் அட்டை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே செல்லும். பாட்டனாரும் பேரனும் ஆதாரைக் காட்டிப் போய்விட, நடுவிலே உள்ள மகன் வாக்காளர் அட்டையை ஊரில் மறந்துவிட்டு நிற்கும் விந்தை இதனால்தான் நேர்கிறது.

இனி நான் சற்று வருத்தத்துடன் சொல்லும் பகுதி. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டு, சில விலக்குகள் நீங்கலாக, குடிபெயர்வு அனுமதி தேவை என்ற வகையில் வழங்கப்படுகிறது. அவர்கள் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்குப் பெற வேண்டியதில்லை. இந்த இடைவெளியைத்தான் தரகர்கள் பயன்படுத்துகிறார்கள். “முதலில் விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பார்கள். படித்த பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி வேலையில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டார்கள். சுற்றுலா அனுமதியில் சென்றவனுக்கு வேலை ஒப்பந்தம் இல்லை, சம்பளம் கேட்கச் சட்டம் இல்லை. பிடிபட்டால் அவனே குற்றவாளி. பிள்ளையின் கையில் இருப்பது எந்த வகை விசா என்பதைப் பெற்றோர் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடவுச்சீட்டை எவரிடமும் அடகு போல ஒப்படைக்காதீர்கள். 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை. தரகரோ முதலாளியோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையற்றவர்கள். வெளிநாட்டில் அது தொலைந்தால் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து, அந்த நகலுடன் இந்தியத் தூதரகத்திற்குச் செல்ல வேண்டும். அவர்கள் தரும் அவசரச் சான்றிதழில் தாயகம் திரும்பலாம். வேறு நாட்டிற்குப் போக அது உதவாது. தூதரகத்தில் முதலில் கேட்பது பழைய கடவுச்சீட்டின் எண்ணைத்தான். ஆகவே முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் நகலெடுத்து ஒன்றை வீட்டிலும், மற்றொன்றைப் பயணத்தில் கடவுச்சீட்டு இல்லாத வேறொரு பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.