எழுத்துத் தமிழுக்கு வாய்த்த குரல்: சிவாஜி கணேசனின் கலைப்பயணமும் நம் வகுப்பறையும்



ஒரு நடிகரைப் பற்றிப் பேச மொழியியல் பயின்ற ஒருவனை அழைத்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். சிவாஜி கணேசன் 280க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றவர். 2001ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மறைந்தவர். இச்செய்திகளை நீங்கள் முன்பே அறிவீர்கள். எவர் வீட்டிலும் பேசப்படாத எழுத்துத் தமிழைப் பல்லாயிரம் மக்கள் காதால் கேட்டு நெஞ்சால் உணரும் மொழியாக அவர் எவ்வாறு ஆக்கினார், அதிலிருந்து நம் தமிழ்ப்பள்ளிகள் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்னும் இரு வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழ் இரட்டை வழக்கு உடைய மொழி. வீட்டில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ். மொழியியல் அறிஞர் சார்லசு பெர்குசன் இத்தகைய நிலையைப் பற்றித் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1959ஆம் ஆண்டில். ஆனால், நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டியிருப்பதை எண்ணும்போது, வழக்கு வேறுபாடு பற்றிய உணர்வு நமக்குப் புதியதன்று என்பது விளங்கும். எழுத்து வழக்கை எவரும் தாய்மடியில் கற்பதில்லை. அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் கேட்டுப் பழக வேண்டும். சொல்லிக் காட்டுவோர் இல்லையெனில் அது தாளில் மட்டுமே தங்கிவிடும்.

சிவாஜி கணேசன் பெற்ற பயிற்சியை இந்தப் பின்னணியில் நோக்க வேண்டும். 1928ஆம் ஆண்டு விழுப்புரத்தில் பிறந்த வி. சி. கணேசன், சிறுவயதில் கட்டபொம்மன் கதையைக் கூத்தாகக் கண்டு நடிப்பின்மேல் பற்றுக் கொண்டார். பள்ளிப் படிப்பைத் தொடராமல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அக்காலச் சிறுவர் நாடகக் குழுக்கள் ஒருவகைக் குருகுலங்கள். ஆசிரியர் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார். சிறுவர்கள் திரும்பத் திரும்ப ஒப்புவித்து மனனம் செய்வார்கள். கணேசன் முதலில் ஏற்றவை சீதை போன்ற பெண் வேடங்களே. ஒலிபெருக்கி எங்கும் பரவாத காலமாதலால், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் சென்று சேரவேண்டும் என்பது அந்த மேடையின் விதி. அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துத் தந்தை பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்தார். அப்பெயரே நிலைத்தது.

திரையுலகம் அவருடைய முகத்தை அறியுமுன் குரலை அறிந்தது. 1951இல் வெளிவந்த ‘நிரபராதி’ படத்தில் தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் அவரே. அடுத்த ஆண்டு, 1952 அக்டோபர் 17 தீபாவளி நாளில், ‘பராசக்தி’ வெளிவந்தது. கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். அந்த மெலிந்த இளைஞர் கதாநாயகனாகப் பொருந்துவாரா என்று படப்பிடிப்பின்போது ஐயம் எழுந்தது. தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் அவரைக் கைவிடாமல் நின்றார். படத்தின் இறுதியில் வரும் நீதிமன்றக் காட்சி, தமிழ்த் திரையில் உரைநடைக்குக் கிடைத்த பெரிய வெற்றி எனலாம். அதுவரை பாட்டால் வளர்ந்த திரைப்படம் அதன்பின் பேச்சாலும் வளர்ந்தது.

‘பராசக்தி’யின் நாயகன் குணசேகரன் இரங்கூனில் வாழ்ந்தவன், போர்க்காலத்தில் தங்கையின் திருமணத்துக்காகத் தாயகம் வந்து அனைத்தையும் இழந்து அலைபவன். கடல் கடந்து வாழும் தமிழனே அங்குக் கதைத்தலைவன். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த நம் முன்னோர்க்கு அந்த அலைச்சல் அயலாருடைய கதையன்று.

இந்தப் பீடோங் வட்டாரத்தின் மூத்தோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பாயும் சாக்கும் விரித்து லயத்து மக்கள் குடும்பம் குடும்பமாக அமர்ந்தார்கள். அவர்களுள் பலர் கையெழுத்துப் போடவும் அறியாதவர்கள். ஆயினும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். கண்ணால் படிக்காத தமிழைக் காதால் படித்தவர்கள் அவர்கள். வசன இசைத்தட்டும் வானொலி ஒலிச்சித்திரமும் அந்தக் கல்வியைத் தொடர்ந்து நடத்தின.

அந்தக் குரலில் அப்படி என்ன இருந்தது? உரத்த ஓசை என்று பலர் விடை கூறுவர். என் துறைசார்ந்த விடை வேறு. மூன்று கூறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்லின் இறுதி. தமிழ்த் தொடரில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். வினைமுற்றின் கடைசியில்தான் திணை, பால், எண், இடம் யாவும் அடங்கும். வந்தான், வந்தாள், வந்தார் ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவது இறுதி மெய் ஒன்றே. பேச்சு வழக்கில் ‘வந்தான்’ என்பதன் னகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அப்பழக்கத்தோடு எழுத்துத் தமிழைப் படிக்கும் மாணவர், வந்தவர் யார் என்பதையே விழுங்கிவிடுகிறார். சிவாஜியோ நீண்ட தொடரின் கடைசி மெய்வரை மூச்சைக் காத்து வைத்திருப்பார். எவ்வளவு தாழ்ந்த குரலில் முடித்தாலும் அந்த இறுதி எழுத்து கேட்கும்.

இரண்டாவது, எழுத்துகளின் அளவும் இடமும். தமிழில் நெடிலைக் குறுக்கினாலும் இரட்டித்த மெய்யை ஒற்றையாக்கினாலும் பொருள் மாறும். பால் என்பது பல் ஆகும். புள்ளி என்பது புளி ஆகும். கன்னி என்பது கனி ஆகும். அரையும் அறையும் வேறு. பனியும் பணியும் வேறு. கலையும் களையும் கழையும் வேறு. சிவாஜியின் உரையாடலைக் கேட்டு எழுதச் சொன்னால், எழுத்துப் பிழையின்றி எழுதிவிடலாம். அதைவிடச் சிறந்த சொல்வதெழுதல் பாடம் எது?

மூன்றாவது, நிறுத்தம். மூச்சு முடிந்த இடத்தில் நிறுத்துவது ஒன்று; பொருள் முடிந்த இடத்தில் நிறுத்துவது மற்றொன்று. அவர் பொருளறிந்து நிறுத்தினார். ஆகவே சங்கிலிபோல் நீளும் எச்சத்தொடர்களும் கேட்போர்க்குத் தெளிவாக விளங்கின.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் நல்ல பேச்சாளர் என்ற பெயரை மட்டுமே பெற்றிருப்பார். எந்தத் தமிழை எங்கே பேசுவது என்று அறிந்திருந்ததுதான் அவரைப் பெருங்கலைஞராக்கியது. ‘பராசக்தி’ வெளிவந்து ஈராண்டு செல்வதற்குள், 1954இல், எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் நடித்தார். பாடலே இல்லாத தமிழ்ப்படம் அது. அகிரா குரோசாவாவின் சப்பானியப் படமான ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலால் உருவானது. 1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய நாளில் ஒருவன் கொல்லப்படுகிறான். கொன்றவர் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் கூறுகிறார்கள். கொலையுண்டவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன், அவ்வேடத்தில் சிவாஜி. சப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயிலும் விளைத்த துயரம் ஆறாத அக்காலத்தில், துரோகி வேடத்தை ஏற்கக் கதாநாயகன் ஒருவனுக்குத் துணிவு வேண்டும். அங்கே மேடை முழக்கத்தைக் கைவிட்டு, படித்த நகரத்து மனிதனின் இயல்பான பேச்சை மேற்கொண்டார்.

‘ராஷோமோன்’ படத்தில் கொள்ளைக்காரனாக நடித்த தோஷிரோ மிஃபுனேயைச் சிவாஜியோடு ஒப்பிடலாம். மிஃபுனே சீனாவில் சப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். நாடக மேடையில் வளராதவர். 1946இல் தோஹோ நிறுவனத்தின் புதுமுகத் தேர்வு வழியே திரைக்கு வந்தவர். குரோசாவாவின் 16 படங்களில் நடித்தார். அவருடைய வலிமை உடலசைவிலும் திடீர் மௌனத்திலும் இருந்தது. சிவாஜியின் வலிமை சொல்லிலிருந்து புறப்பட்டு உடலுக்குப் பரவியது. ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகச் சிவாஜிக்கு 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழா சிறந்த நடிகர் விருதை வழங்கியது, மிஃபுனேவுக்கு 1961இலும் 1965இலும் வெனிஸ் படவிழா அவ்விருதை வழங்கியது. தத்தம் மொழி வழங்காத நாடுகளில் இருவரும் போற்றப்பட்டார்கள். ஆகவே ஒருவரின் அளவுகோலால் மற்றவரை அளப்பது முறையாகாது. சிவாஜியின் நடிப்பை ‘மிகை’ என்று கூறுவோர், அவர் எந்த மேடை மரபில் வளர்ந்தவர் என்பதை முதலில் எண்ண வேண்டும். அக்குற்றச்சாட்டு எல்லாப் படங்களிலும் பொய் என்று நான் வாதிட வரவில்லை. எழுதப்பட்ட வசனம் மிகையானபோது நடிப்பும் மிகையாயிற்று.

அவர் கையாண்ட வழக்குகளின் விரிவைப் பாருங்கள். 1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் கொங்குத் தமிழ், 1959இல் கட்டபொம்மனின் வீரத்தமிழ். அவருடைய நூறாவது படமான ‘நவராத்திரி’யில் (1964) ஒன்பது வேடங்களுக்கு ஒன்பது பேச்சுமுறைகள். ‘வியட்நாம் வீடு’ (1970) படத்தில் ஓய்வுபெறும் அந்தண அலுவலரின் வழக்கு. பாரதிராசாவின் ‘முதல் மரியாதை’யில் (1985) தென்மாவட்டச் சிற்றூரின் பேச்சு. ‘தேவர் மக’னில் (1992) சில சொற்களே பேசும் முதியவர். வயது ஏற ஏறச் சொற்கள் குறைந்தன. நிறுத்தங்களின் பொருள் கூடியது. இவற்றுள் எந்த வழக்கையும் அவர் இழிந்ததாகக் கருதி நகைப்புக்கு இடமாக்கவில்லை. உழவன் பேச்சுக்கும் மன்னன் உரைக்கும் ஒரே உழைப்பைத் தந்தார்.

ஆசிரியப் பெருமக்களே, இங்கேதான் நமக்கான செய்தி இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபின், ஒருங்கே அமர்ந்து எழுத்துத் தமிழைக் கேட்கும் திடல் மறைந்துவிட்டது. இன்று நம் மாணவருள் பலர் நல்ல தமிழ் உரைநடையை நாள்தோறும் கேட்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கும் ஆசிரியர் பத்தியை வாய்விட்டுப் படிக்காமல், ‘படித்துவிட்டு விடை எழுதுங்கள்’ என்று விட்டுவிட்டால், அந்த மாணவருக்குத் தமிழ் ஒலியில்லாத மொழியாகிவிடும். ஒலி அறியாதவர் லகர, ளகர, ழகரத்தைச் சொல்லளவில் மனனம் செய்வார். தேர்வு முடிந்ததும் மறப்பார். பிறகு அவர்மீது குறைகூறிப் பயனில்லை.

ஆகவே நாள்தோறும் ஐந்து மணித்துளி போதும். ஒரு பத்தியை ஆசிரியர் பொருளுணர்ந்து வாய்விட்டுப் படிக்கட்டும். மாணவர் நூலை மூடிவிட்டுக் கேட்கட்டும். எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கூறட்டும். பின்னர் அவர்களே படித்துக் காட்டட்டும். ‘வந்தாங்க’ என்று வீட்டுத் தமிழில் பேசும் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘வந்தார்கள்’ என்பதை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அக்குழந்தைக்கு உரியவை.

மாணவச் செல்வங்களே, பேச்சுப் போட்டிகளில் உங்களுள் சிலர் சிவாஜியைப்போல் முழங்க முயல்கிறீர்கள். அவருடைய முழக்கத்தை நீங்கள் எளிதில் பற்றிக்கொள்கிறீர்கள். முழக்கத்துக்கு முன் அவர் காத்த அமைதியைக் கவனிப்பதில்லை. அவருடைய குரலைக் கடன் வாங்காதீர்கள். அவருடைய உழைப்பைக் கடன் வாங்குங்கள். கட்டபொம்மனாக நின்ற அதே மனிதர் ‘முதல் மரியாதை’யில் எவ்வளவு மெல்லப் பேசுகிறார் என்பதைக் கேளுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த ஓர் உரைநடைப் பகுதியை எடுத்து, கடைசி மெய்யெழுத்தும் கேட்கும்படி, உங்கள் சொந்தக் குரலில், வீட்டில் ஒருவர்க்கேனும் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் உங்கள் பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. பிழையிருந்தால் அவர் காது கண்டுபிடித்துவிடும்.